ஒற்றைத் தேதியில் உண்ணாதவன்

அத்தியாயம் 6

மார்ச் 11, புதன். மாலை வகுப்பு, இடைவேளை.

இன்றைய பிழை: தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேன். ஏழு இருபதுக்கு டெக்ஸாஸ் பேர்லேண்டிலிருந்து தர்சிகா அக்கா போன் செய்தார். வெள்ளிக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாராம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அவன் இன்னும் இடக்கையாலதானே எழுதுறான்?" என்று தம்பியைப் பற்றிக் கேட்டார். நான் அதைப் பார்க்கவே இல்லை. "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சொல்தான். 'சிறிய பிழை' என்று எழுதியிருந்தேன். இப்போது 'சிறிய' என்பதை அடித்துவிட்டேன்.

*

மறுநாள் காலை, நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்தில், சபரிநாதன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டை மூடினான்.

"உன் டைரியைப் படிக்கறதுக்கு நான் ஜெயிலுக்கே போயிட்டு வந்துடலாம் அம்மிணி. அங்க இதைவிடக் கலகலப்பா இருக்கும்."

"வகுப்புல அப்படித்தான் எழுதச் சொல்றாங்க அண்ணா. அன்னைக்குச் செஞ்ச தப்புதான் முதல் வரி."

"சரி, தப்பே பண்ணாத நாள்ல?"

"அப்படி ஒரு நாள் இன்னும் வரலை" என்றாள் தென்றல்.

அவள் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து எடிசனுக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகியும் அவள் எந்தக் கதவைப் பூட்டினாலும் ஒரு முறை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். பகலில் இந்த அலுவலகத்தில் வேலை. மாலையில் கல்லூரியில் விசாரணை முறைகள் பற்றி வகுப்பு. அலுவலகத்தின் முதலாளி கஸ்தூரிரங்கன் சென்னைக்குப் போயிருந்தார். வழக்கமாக இங்கே வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, விசா உண்மையா, சொன்ன சம்பளம் நிஜமா. சபரிநாதனுக்கு அந்த வேலை அலுத்துப் போயிருந்தது. நாற்பது வயது, பொள்ளாச்சிக்காரன். பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவன். தென்றலுக்கு ஃப்ரீவேயில் வண்டி ஓட்டப் பயம் என்பதால் அவனுக்கு இங்கே வேலை கிடைத்தது.

தர்சிகாவின் வழக்கு மட்டும் வேறு மாதிரி. இலங்கையில் 2009இல் போர் முடிந்த நேரம். அம்மா, அப்பா இல்லாமல் போனார்கள். பதினான்கு வயது தர்சிகா ஒரு கூட்டத்தோடு ஒரு பக்கம் போனாள். ஒன்பது வயதுத் தம்பி நிரோஜன் இன்னொரு கூட்டத்தோடு வேறு பக்கம் போனான். தம்பி சங்குத்துறை என்ற துறைமுக ஊரில் போய் ஒதுங்கியதாகவும், ராணுவத்தின் கட்டுப்பாட்டிலிருந்த அந்த ஊரில் அட்டை காட்டும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்த ஒரு நிவாரண நிலையத்தில் அவன் பெயர் பதிவாகியிருந்ததாகவும் ஆறு வருடம் கழித்து அக்காவுக்குத் தெரிந்தது. அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கம்தான் அவளிடம் இருந்த ஒரே தடயம். அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஒன்றும் இல்லை.

போன வாரம் தென்றல் நியூ ஜெர்சியிலேயே ஒரு நிரோஜன் நாகரத்தினத்தைக் கண்டுபிடித்தாள். எலிசபெத் துறைமுகத்தில் குளிர்பதனக் கன்டெய்னர்களைப் பழுது பார்க்கும் வேலை. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர். நான்கும் பொருந்தின. திங்கட்கிழமை நேரில் போய்ப் பார்த்தார்கள். அன்று மாலையே தென்றல் பேர்லேண்டுக்குப் போன் செய்து, "கிடைச்சுட்டாருக்கா" என்று சொல்லிவிட்டாள்.

"நாலு பொருத்தம் பார்த்தாச்சு. நம்ம ஊர்ல பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டி வெச்சதே நாலு மாசத்துல பிரிஞ்சிருக்கு" என்றான் சபரி. "எனக்கு ஒண்ணுதான் இடிக்குது. அக்கா இருக்காங்கன்னு சொன்னதும் அந்த ஆளு சந்தோஷப்படலையே. 'வந்திட்டினமோ', அதாவது வந்துட்டாங்களான்னு கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாரு."

"அதிர்ச்சின்னு நினைச்சேன்."

"நானும்தான். நீ கொண்டுபோன சமோசாவைக்கூடத் தொடலை. 'இண்டைக்கு வேண்டாம்'னாரு."

"திங்கக்கிழமை. சோமவார விரதமா இருக்கும்னு நோட்ல எழுதியிருக்கேன்." தென்றல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "அண்ணா, நாம பொருத்திப் பார்த்த நாலும் காகிதத்துல இருக்கறது. பேரு, தேதி, ஊரு எல்லாமே அந்த நிவாரண அட்டையில எழுதியிருக்கும். அட்டையில எழுதாதது ஒண்ணே ஒண்ணு. கை."

"அவ்வளவுதானே? மத்தியானம் கண்மணி ஆன்ட்டி மெஸ்ஸுக்கு வருவாரு. சாப்பிடறதைப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, சபரியே தலையில் அடித்துக்கொண்டான். "தெரியாது. சுத்தமாத் தெரியாது."

"ஏன்?"

"நானே இடக்கைதான். கையெழுத்து, கிரிக்கெட், பல்லு விளக்கறது எல்லாம் இதுலதான்." இடக்கையைத் தூக்கிக் காட்டினான். "ஆனா சோத்துல இந்தக் கையை வெச்சா எங்கம்மா கரண்டியைக் காய வெச்சுடுவாங்க. நம்மாளுங்கள்ல இடக்கைக்காரன் எவனும் இடக்கையால திங்க மாட்டான். அவர் எந்தக் கையால சாப்பிட்டாலும் அது சாட்சி ஆகாது."

"அப்ப எழுத வைக்கணும்."

"எழுத வெச்சுட்டாப் போச்சு. கிளம்பு அம்மிணி. சீட் பெல்ட்டை நாலு தடவை செக் பண்ணிக்கோ, நான் எட்டு வரைக்கும் எண்ணறேன்."

*

கண்மணியின் மெஸ்ஸுக்குப் பலகை கிடையாது. ஓக் ட்ரீ ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் ஒரு வீடு. கீழ்த்தளத்தில் நான்கு மேஜை. கரூர்ப் பக்கத்துச் சமையல். தெரிந்தவர்கள் மட்டும் கராஜ் வழியாக இறங்கி வருவார்கள்.

பதினொன்றரை மணிக்குப் போனபோது கண்மணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. இன்னேரத்துக்கேவா? சோறு இன்னும் கொதிக்குது."

"சாப்பிட வரலை ஆன்ட்டி. நிரோஜன்னு ஒருத்தர் இங்க வருவார்ல, அவரைப் பார்க்கணும்."

"போர்ட்டுல வேலை பார்க்கற சிலோன் தம்பியா? வந்துரும். இன்னைக்கு வர்ற நாள்தான்." கண்மணியின் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. "அந்த மாதிரி பக்தி யாருக்கு வரும் சொல்லு? மாசத்துல பாதி நாள் விரதம். போர்ட்டுல அப்படி உழைக்கற உடம்புக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மத்தியானச் சோறு கிடையாது. என்ன விரதம்னு கேட்டா சிரிக்கும். நானும் கேக்கறதில்ல. சொன்னா பலன் போயிரும்ல?"

சபரி தென்றலைப் பார்த்தான். தென்றல் ஏற்கெனவே நோட்டைத் திறந்திருந்தாள்.

"எந்தெந்த நாள்னு தெரியுமா ஆன்ட்டி?"

"அதோ காலண்டர்ல இருக்கு. அரிசி போடறதுக்கு யாரு வராங்க, யாரு வரலைன்னு எழுதி வெப்பேன். 'நி'ன்னு இருந்தா அந்தத் தம்பி."

சுவரில் கோயில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. தென்றல் மார்ச், பிப்ரவரி, ஜனவரி என்று பின்னோக்கிப் புரட்டினாள். ஒவ்வொரு 'நி'யையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். பத்து நிமிடம் ஆனது. சபரி அதற்குள் மூன்று அப்பளம் தின்றுவிட்டான்.

"ஏகாதசி?" என்றான்.

"பிப்ரவரியில ஒரு ஏகாதசி அன்னைக்கு வந்து சாப்பிட்டிருக்கார்."

"பிரதோஷம்?"

"சாப்பிட்டிருக்கார்."

"கிருத்திகை, சஷ்டி, அமாவாசை?"

"எல்லாத்துலயும் கலந்து கலந்து வருது. கிழமையும் இல்லை. போன திங்கக்கிழமை சாப்பிடலை. அதுக்கு முந்தின திங்கக்கிழமை சாப்பிட்டிருக்கார்." தென்றல் பென்சிலைத் தூக்கினாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாளும் இல்லை அண்ணா. ஜனவரி முப்பதுக்கு வந்தவர் பிப்ரவரி ரெண்டுக்குத்தான் வந்திருக்கார். நடுவுல ரெண்டு நாள் சேர்ந்தாப்புல காலி. முப்பத்தொண்ணும் ஒண்ணும்."

சபரி அப்பளத்தைக் கீழே வைத்தான்.

"ரெண்டுமே ஒத்தைப்படை."

"ஆமா. ரெட்டைத் தேதின்னா சாப்பிடறார். ஒத்தைத் தேதின்னா இல்லை. மூணு மாசமும் ஒரு நாள் தப்பலை."

"இங்கிலீஷ் தேதியைப் பார்த்து விரதம் கேக்கற சாமி எந்த ஊர்ல இருக்கு?" என்றான் சபரி. "அம்மிணி, இது கோயில் விவகாரம் இல்லை."

திங்கட்கிழமை ஒன்பதாம் தேதி. சமோசா ஞாபகம் வந்தது. 'சோமவார விரதம்' என்று தான் எழுதிய வரியைத் தென்றல் பார்த்தாள். நம் ஊரில் ஒருவன் சாப்பாட்டை மறுத்தால் உடனே அதற்கு ஒரு சாமியைக் கண்டுபிடித்துவிடுகிறோம். பசிக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

ஃபைலிலிருந்து அந்தப் பதிவேட்டு நகலை எடுத்து மேஜையில் விரித்தாள். 2009 ஜூலை. இடது ஓரத்தில் பெயர்: நாகரத்தினம் நிரோஜன். அதன் எதிரே முப்பத்தொரு கட்டங்கள். பொட்டலம் வாங்கிய நாளெல்லாம் கட்டத்துக்குள் ஒரு பிள்ளைக் கையெழுத்து. 25க்குப் பிறகு கட்டங்கள் காலி. கடைசியில் யாரோ பெரியவர் எழுத்தில், 'சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்.'

இந்தத் தாளை அவள் இருபது தடவையாவது பார்த்திருப்பாள். பார்த்ததெல்லாம் பெயரைத்தான்.

"அண்ணா, முதல் கட்டத்துல மை இழுபட்டிருக்கு பாருங்க. ரெண்டாவது சுத்தமா இருக்கு. மூணாவது மறுபடி இழுபட்டிருக்கு."

"மழை பேஞ்சிருக்கும்."

"ஒரு நாள் விட்டு ஒரு நாளா பேயும்?"

சபரி தன் இடது கையைத் திருப்பி, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள ஓரத்தைப் பார்த்தான். காலையில் அலுவலக வெள்ளைப் பலகையில் எழுதிய நீல மை அங்கே அப்பியிருந்தது. அந்தக் கையை அப்படியே அவள் முன்னால் நீட்டினான்.

"எழுத எழுத எங்க கை அது மேலயே போகும். ஸ்கூல்ல தினமும் இதுக்கு அடி வாங்கியிருக்கேன். இழுபட்ட கட்டமெல்லாம் இடக்கைக்காரன் போட்டது."

"ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு... ஒத்தைத் தேதி எல்லாம்."

"ரெட்டைத் தேதி எல்லாம் வலக்கைக்காரன்."

ஒரு அட்டை. ஒரு பெயர். இரண்டு பையன்கள்.

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. தென்றலுக்குத் தன் குரலே தூரத்தில் கேட்டது. "அண்ணா, நான் நேத்து 'ஆமாக்கா'ன்னு சொல்லிட்டேன்."

சபரி அப்பளத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் பக்கம் நாற்காலியை நகர்த்தினான்.

*

பன்னிரண்டேகாலுக்குக் கராஜ் படிகளில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. வந்தவனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். ஆரஞ்சு நிற ஜாக்கெட். இவர்களைப் பார்த்ததும் படியிலேயே ஒரு கணம் நின்றான். பிறகு, தலையை அசைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"முதல்ல சாப்பிடுங்க. நாங்க வெயிட் பண்றோம்" என்றாள் தென்றல்.

அவன் சாப்பிட்டான். பேசாமல், நிறுத்தாமல், ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டான். கண்மணி இரண்டாம் தடவை சோறு போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறவன் மாதிரி இருந்தது.

கை கழுவிவிட்டு வந்ததும் சபரி ஒரு பேனாவையும் துண்டுத்தாளையும் தள்ளினான். "தம்பி, வெள்ளிக்கிழமை உங்களைக் கூட்டிட்டுப் போகணும். வீட்டு அட்ரஸை எழுதிக் குடுத்திருங்க."

அவன் பேனாவை எடுத்தான். வலக்கையில்.

இரண்டு வரி எழுதிய பிறகுதான் இருவரும் தன் கையையே பார்ப்பதைக் கவனித்தான். பேனா நின்றது.

"ஓ" என்றான் மெதுவாக. "அவன் இடக்கையன் எண்டு அக்கா சொன்னவவோ?"

தென்றல் எப்படித் தொடங்குவது என்று நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பதிவேட்டு நகலை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவன் அதைத் தொடவில்லை. நெடுநேரம் பார்த்தான்.

"இது இருக்குதெண்டு எனக்குத் தெரியாது."

"ஒத்தைத் தேதி அவர். ரெட்டைத் தேதி நீங்க. சரியா?"

"ஓம்."

"உங்க பேர் என்னங்க?"

பதினாறு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. அவன் வாய் அந்தப் பெயரைத் தேடியதுபோல இருந்தது.

"மதன்."

கண்மணி பூண்டுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். சபரி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அங்க ஒரு உடைஞ்ச ஐஸ் ஃபாக்டரி" என்று மதன் சொன்னான். "அதுக்குள்ளதான் நாங்கள் ரெண்டு பேரும் கிடந்தனாங்கள். துறைமுகத்துக்குப் போறதுக்கு எல்லாப் பக்கமும் சென்றி, ஆமிக்காவல். பதிஞ்ச பிள்ளையளுக்கு மட்டும்தான் பொட்டலம். அவன் பதிஞ்சவன். நான் பதியேல்லை. என்ர அண்ணை இயக்கத்தில இருந்தவர். பேர் சொன்னா என்ன நடக்குமோ எண்டு பயம். பத்து வயசில எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நிரோஜன்தான் சொன்னவன், அட்டையில படம் இல்லைதானே, நீயும் போ எண்டு."

"ஒரு பொட்டலத்தை ரெண்டாப் பிரிச்சுக்கலாமே?" என்றான் சபரி.

"பிரிச்சா ரெண்டு பேருக்கும் பசி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எண்டா ஒராளுக்காவது வயிறு நிறையும். அவன்தான் கணக்குப் போட்டவன். மாசம் முடியிற நேரம் முப்பத்தொண்டும் ஒண்டும் சேர்ந்து வந்தா ரெண்டு நாளும் தனக்கு எண்டு துள்ளுவான். கெட்டிக்காரன்." மதனின் முகத்தில் ஒரு சிரிப்பு தோன்றி, வந்த வழியே போனது. "மற்ற ஆள் அண்டைக்கு மீன் காயப்போடுற வாடியில ஏதாவது பொறுக்கித் தின்ன வேணும்."

தென்றல் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தாள். "அப்ப அவர் எங்க, மதன்? அவங்க இல்லத்துக்கு அனுப்பினது யாரை?"

மதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ எதிர்பார்த்து, அது வராததால் வியந்ததுபோல.

"நீங்கள் இதைக் கவனிக்கேல்லையோ?"

வலக்கையின் ஆட்காட்டி விரலைத் தாளில் வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்தினான். இருபத்து மூன்று, இழுபட்டிருந்தது. இருபத்து நான்கு, சுத்தம். இருபத்தைந்தில் விரலை நிறுத்தினான்.

ஒற்றைத் தேதி. மை இழுபடவில்லை. பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது.

"அண்டைக்கு அவன்ர நாள்" என்றான் மதன். "அவனுக்குக் காய்ச்சல். படுத்திருந்தவன். நான் முதல் நாள் திண்டவன்தான். ஆனால் விடியக் காலமையே பசி வந்திட்டுது. அவன்ர தலைக்குக் கீழ இருந்து அட்டையை இழுத்தன். அவன் எழும்பேல்லை. பாதி கொண்டுவந்து குடுப்பம் எண்டு நினைச்சன். அப்பிடித்தான் எனக்கு நானே சொன்னனான். அங்க போனா லைனில நிக்கச் சொல்லிச்சினம். கையெழுத்து வைக்கச் சொல்லிச்சினம். பக்கத்தில ஒரு பஸ் நிண்டுது. அட்டை இருக்கிற பிள்ளையள் எல்லாம் ஏறுங்கோ, பிஸ்கட் தருவம் எண்டினம்."

அவன் குரல் உடையவில்லை. அது உடைந்திருந்தால் கேட்பது சுலபமாக இருந்திருக்கும்.

"பிஸ்கட்டுக்கு ஏறினன். நான் நிரோஜன் இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். சொல்லேல்லை."

ஒரு சொல்தான். தென்றல் தன் நோட்டின் மேல் கையை வைத்து மூடினாள்.

"திரும்பிப் போகலையா?"

"நாலு மாசத்துக்குப் பிறகு இல்லத்தில இருந்து ஓடிப் போனன். ஐஸ் ஃபாக்டரியைச் சுத்திக் கம்பி வேலி. உள்ள ஒருத்தரும் இல்லை. மீன்வாடியில கேட்டன். காய்ச்சல்காரப் பெடியனை ஒரு வள்ளக்காரர் தூக்கிக்கொண்டு போனதைப் பாத்தனான் எண்டு ஒராள் சொன்னார். அப்பிடி ஒருத்தனும் இல்லை எண்டு இன்னொராள் சொன்னார். எது உண்மை எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

"பேரை ஏன் மாத்தலைங்க?" என்றான் சபரி.

"அந்தப் பேரில நான் இருந்தால்தான் அவனைத் தேடுற ஆக்கள் என்னட்ட வருவினம். வந்தா சொல்லலாம்." மதன் நிறுத்தினான். "இது பாதி உண்மை. மற்றப் பாதி பயம். இங்க வந்தது, கிரீன் கார்டு, எல்லாம் அந்தப் பேரில. திங்கக்கிழமை நீங்கள் வந்து அக்கா இருக்கிறா எண்டு சொன்னனீங்கள். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். வாய் வரேல்லை. திரும்பவும் பஸ்ஸில ஏறின மாதிரி."

மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. சபரி தொண்டையைச் செருமிக்கொண்டான். கேலிக் குரல் அவனிடம் இல்லை.

"மதன், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அக்காவுக்குத் தம்பி வேணும். உங்களுக்கும் சொந்தம்னு யாரும் இல்ல. அவங்க கடைசியாப் பார்த்தப்ப அது ஒம்பது வயசுக் குழந்தை. முகம் தெரியாது. அந்த ஐஸ் ஃபாக்டரிக் கதையெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கலைன்னா இதுல யாருக்கு என்ன குறைஞ்சுடும்?"

தென்றல் அவனைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. சரியாக மூன்று நொடி, அவள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். பேர்லேண்டில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். நேற்றுச் சொன்ன 'ஆமாக்கா' பொய்யென்று தெரியவராது. திங்கட்கிழமை சொன்ன 'கிடைச்சுட்டாரு'வும் பொய்யாகாது. தன் பிழைகள் எல்லாம் ஒரே அடியில் சரியாகிவிடும். அந்த மூன்று நொடியை நினைத்து அவள் பிறகு வெகுநேரம் வெட்கப்பட்டாள்.

மதன் பேனாவை எடுத்து, தான் எழுதிய விலாசத்தின் மேலிருந்த 'நிரோஜன்' என்ற பெயரை ஒரு கோட்டால் அடித்தான்.

"அவன்ர சாப்பாட்டை எடுத்தன். அவன்ர பேரை எடுத்தன். அக்காவையும் எடுக்கச் சொல்லுறியளோ?"

சபரி தலையைக் குனிந்துகொண்டான். "இல்லைங்க" என்றான்.

அந்த நேரத்தில் தென்றலின் போன் மேஜையில் அதிர்ந்தது. திரையில் தர்சிகா. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எடுங்கோ" என்றான் மதன். "ஆனால் என்ர விசயத்தைப் போனில சொல்லாதேங்கோ. அது நான் சொல்லோணும். முகத்தைப் பாத்துச் சொல்லோணும்."

தென்றல் எடுத்தாள்.

"தங்கச்சி, பெட்டி அடுக்கிக்கொண்டு இருக்கிறன். அவனுக்கு மாசிக் கருவாட்டில சம்பல் இடிச்சனான். விமானத்தில விடுவினமோ? சின்னனில கொள்ளை ஆசை அவனுக்கு. இண்டைக்கு அவனைப் பாத்தனீங்களோ? சாப்பிட்டவனோ?"

"அக்கா." தென்றல் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நேத்து நீங்க ஒண்ணு கேட்டீங்க. இன்னும் இடக்கையாலதானே எழுதுறார்ன்னு. நான் ஆமான்னு சொன்னேன். நான் பார்க்காமயே சொன்னேன்க்கா. அது தப்பு. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

மறுமுனையில் ஏதோ ஒரு டப்பாவை மூடும் சத்தம் பாதியில் நின்றது.

"என்ன பாத்தனீங்கள்?"

"வலக்கைக்கா."

மதன் கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

"உங்க தம்பியைப் பத்தி உங்ககிட்ட நேர்ல பேசணும்னு ஒருத்தர் காத்திட்டிருக்கார். அவர்கூட ஒரே இடத்துல இருந்தவர். நீங்க வராம இருந்தாலும் எனக்குப் புரியும். ஆனா வாங்கக்கா."

டப்பா முழுதாக மூடும் சத்தம் கேட்டது. பிறகு தர்சிகா, போன வாரம் முதல்முறை பேசியபோது இருந்த அதே தட்டையான குரலில் கேட்டாள்.

"அந்த ஆளுக்கு மாசிச் சம்பல் பிடிக்குமோ?"

தென்றல் மதனைப் பார்த்தாள். அவனுக்குக் கேட்டிருந்தது. ஆம் என்று தலையை ஆட்டினான்.

"பிடிக்கும்னு சொல்றார்க்கா."

"சரி. நான் வாறன்."

போனை வைத்ததும் கண்மணி எழுந்து வந்தாள். அழுதிருந்தாள். மேஜையில் கிடந்த இலையை எடுத்துக்கொண்டே, "நான் விரதம்னு நினைச்சு அந்தத் தம்பிக்கு ஒரு நாள்கூட வற்புறுத்திச் சோறு போடலையே கண்ணு" என்றாள்.

*

மார்ச் 12, வியாழன். மாலை.

இன்றைய பிழை: இருபத்தைந்தாம் கட்டத்தை நான் பார்க்கவில்லை. அவரே காட்ட வேண்டியிருந்தது. இன்னொரு பிழையும் உண்டு. மூன்று நொடி. அதை இங்கே விவரமாக எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

சரிசெய்தது: நேற்றைய 'ஆமாக்கா'.

நாளை, மார்ச் 13, வெள்ளி. எட்டரைக்குச் சபரி அண்ணா வண்டியோடு வருவார். ஒன்பது மணிக்கு எலிசபெத்தில் மதனை ஏற்றிக்கொள்ள வேண்டும். பத்து ஐந்துக்கு நியூவார்க்கில் விமானம் இறங்குகிறது. அவர் பேசும்போது நான் குறுக்கே பேசக் கூடாது. குடியேற்ற வக்கீலிடம் திங்கட்கிழமைக்கு நேரம் கேட்க வேண்டும். வள்ளக்காரரின் பெயரோ, ஊரோ, வள்ளத்தின் நிறமோ, மதனுக்கு ஞாபகம் இருப்பதையெல்லாம் தனித்தாளில் எழுதி வாங்க வேண்டும். மதியம் மெஸ்ஸில் நான்கு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. நாளை ஒற்றைத் தேதி. அவர் சாப்பிட மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. கண்மணி ஆன்ட்டியிடமும் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கடைசியாக, நிரோஜன் நாகரத்தினத்தின் ஃபைல். மேலட்டையில் திங்கட்கிழமை நான் எழுதிய 'கிடைத்தார்' என்ற சொல்லை அடித்துவிட்டு, தர்சிகா அக்காவின் எதிரிலேயே 'தேடப்படுகிறார்' என்று எழுத வேண்டும்.